வலது தோள் வழக்கு

ஜூன் 5, 2023. திங்கள்

இன்று என்னை நாய் கடித்தது. எங்கள் தெரு நாய்கூட இல்லை, பக்கத்துத் தெருவிலிருந்து விருந்துக்கு வந்தது. கோமதி டீச்சருக்கு ஸ்கூட்டி சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டு வண்டியைத் திருப்புகிறேன், இடது கெண்டைக்காலில் ஒரு கவ்வு. நான் போட்ட சத்தத்தில் நாய்தான் அதிகம் பயந்திருக்கும்.

வீட்டுக்காரர் வெங்காயப்பேட்டையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், பேனாவைக் காதில் சொருகியபடியே வந்து சேர்ந்தார். பழநி ரோட்டுக் கிளினிக்கில் காயத்தைக் கழுவி முதல் ஊசி போட்டார்கள். மொத்தம் ஐந்து போட வேண்டுமாம். கோமதி டீச்சர் போனில், "அப்ப நாளைக்கு கிளாஸ் உண்டாக்கா?" என்றார். உண்டு என்றேன். கடித்தது காலைத்தானே.

ஜூன் 12, திங்கள்

மூன்றாவது ஊசி. கிளினிக்கில் கல்யாணக் கூட்டம். முதல் இரண்டையும் உள் அறையில் வைத்துப் போட்டவர்கள், இன்று வராண்டா பெஞ்சிலேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள். சுற்றி முழுக்க ஆண்கள். மறைப்பு ஒன்றும் கிடையாது. என் சுடிதார் கை இறுக்கம், மேலே ஏறவில்லை. நர்ஸ் பெண் கழுத்துப் பக்கத்துத் துணியைக் கொஞ்சம் விலக்கி, நின்றவாக்கிலேயே வலது தோளின் உச்சியில் குத்திவிட்டாள். முதல் இரண்டும் எறும்பு கடித்த மாதிரி இருந்தன. இது எலும்பின் கதவைத் தட்டிவிட்டு வந்தது.

ஜூன் 13, செவ்வாய்

தலை சீவ முடியவில்லை.

ஜூன் 19, திங்கள்

கை தோள் மட்டத்துக்கு ஏறவில்லை. நாலாவது ஊசி வேண்டவே வேண்டாம் என்று காலையில் சட்டம் பேசினேன். "நாய்க்கடி ஊசிய பாதியில விட்டவங்க கதை உனக்குத் தெரியாதா?" என்று அவர் ஒரே கேள்வி கேட்டார். தெரியும். பெரியாஸ்பத்திரிக்குப் போய் இடது கையைக் கொடுத்தேன். அங்கிருந்த நர்ஸம்மா ஸ்கிரீனை இழுத்துவிட்டு, துணியை நன்றாக இறக்கச் சொல்லி, கையின் சதைப்பற்றான இடத்தில் போட்டார். போட்டதே தெரியவில்லை. மருந்து ஒரே மருந்துதான். இடம்தான் வேறு.

ஜூலை 7, வெள்ளி

ஐந்தாவது ஊசியும் இடது கையில் முடிந்தது. இன்று எலும்பு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தோள்மூட்டு உராயாமல் இருக்க அங்கே ஒரு சின்ன நீர்ப்பை இருக்கிறதாம். அது வீங்கிக் கிடக்கிறது. ஊசி கொஞ்சம் மேலே இறங்கியதால் மருந்து தசையில் போகாமல் அந்த இடத்தில் போயிருக்கிறது என்றார். சரியாகும், ஆனால் மாதக் கணக்கில் பயிற்சி செய்ய வேண்டும். வண்டியைத் தொடக் கூடாது.

"தொழிலே வண்டிதான் சார்."

"கொஞ்ச நாளைக்கு வேற ஏதாவது பண்ணுங்கம்மா."

வேறு என்ன பண்ண? எனக்கு வெங்காயம் உரிக்கக்கூட வராது. அந்த வேலையை வீட்டில் அவர்தான் செய்கிறார்.

ஜூலை 10, திங்கள்

இன்றிலிருந்து எனக்குத் தலை பின்னுவது வீட்டுக்காரர். முதல் நாள் பின்னலைக் கண்ணாடியில் பார்த்தேன். மூட்டை கட்டிய சணல் தேவலாம். "ஏங்க, இது என்ன லாரியில ஏத்துற சரக்கா?" என்றேன். அவர் அவிழ்த்து முதலிலிருந்து ஆரம்பித்தார். விரல் பட்டும் படாமலும் பின்னுகிறார். தோள் அசைந்துவிடக் கூடாதாம்.

கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் கையில் வெங்காய வாடை.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆகாது என்று தெரிந்தும் இன்று ஒரு புதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். என் வேலையே பின்சீட்டில் உட்கார்ந்திருப்பதுதான். புதிதாக ஓட்டுகிறவர்கள் பயந்துபோனால் பிரேக் பிடிக்க மாட்டார்கள், ஆக்சிலேட்டரை முறுக்குவார்கள். அந்த நேரத்தில் என் வலது கை முன்னால் பாய்ந்து அவர்கள் கையை அமுக்கும். பதினாறு வருடமாகப் பாய்ந்த கை.

இன்று பாயவில்லை. வண்டி மைதானத்தைத் தாண்டி ரோட்டைக் குறுக்கே கடந்து மாவு மில்லின் வாசலுக்குள் போய், அடுக்கியிருந்த தவிட்டு மூட்டையில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. நாங்கள் இரண்டு பேரும் மேலெல்லாம் மில் மாவு படிந்து, புட்டு மாதிரி வெள்ளையாக எழுந்து வந்தோம். மில்காரர், "அரைக்கணுமாம்மா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து, 'செல்வி லேடீஸ் ஸ்கூட்டி பயிற்சி' போர்டைக் கழற்றி கட்டிலுக்கு அடியில் வைத்தேன். தூசி படிந்திருந்தது, துடைக்க வேண்டும். அதற்காகத்தான் கழற்றியது.

செப்டம்பர் 12, செவ்வாய்

வக்கீல் மெஹருன்னிசா வந்தாள். நாலு வருடத்துக்கு முன் என்னிடம் வண்டி பழகியவள். கோர்ட்டில் புலி. ரோட்டில் மட்டும் வலது பக்கம் திரும்பப் பயம். இன்றும் இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி ஊரைச் சுற்றித்தான் கோர்ட்டுக்குப் போகிறாள். தவிட்டு மூட்டைக் கதையைக் கேள்விப்பட்டு வந்திருக்கிறாள்.

"என்னக்கா, இவ்வளவு நடந்திருக்கு, கிளினிக்ல போய்க் கேட்டீங்களா?"

"கேட்டேன். ஊசி போட்டா வலிக்கத்தாம்மா செய்யும்னாரு டாக்டர்."

"மூணு மாசமாவா? நுகர்வோர் கோர்ட்ல போடலாம்க்கா. சிகிச்சை குறைபாடு. முதல்ல ஒரு நோட்டீஸ்."

"தடுப்பூசி மேல கேஸ் போட்டேன்னு ஊர்ல பேசினா, நாளைக்கு நாய் கடிச்சவன் ஊசி போட்டுக்காம திரியப் போறான் மெஹரு."

"ஊசி மேல இல்லக்கா. போட்ட இடத்து மேல, போட்ட விதத்து மேல. அதையே முதல் வரியா எழுதறேன்."

எழுதினாள். படித்துப் பார்த்தேன். அந்த ஒரு வரிக்காக உப்புமாவோடு கேசரியும் கிளறினேன், இடது கையால். கட்டி தட்டிவிட்டது. மெஹரு குறை சொல்லாமல் சாப்பிட்டாள். வக்கீல் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

அக்டோபர் 20, வெள்ளி

நோட்டீசுக்குப் பதில் இல்லை. கை காது வரைக்கும் வருகிறது. இடது காது இல்லை, வலது காது.

நவம்பர் 9, வியாழன்

தீபாவளிக்கு முறுக்கு மாவு பிசைந்துவிட்டு, பிழிய முடியாமல் அச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு பெண் நின்றாள். எங்கோ பார்த்த முகம்.

"என்னைத் தெரியுதாக்கா?"

"ஊசி போட்ட பொண்ணு."

"போட்ட பொண்ணுதான். இப்ப வேலையில்லாத பொண்ணு. உங்க வக்கீல் நோட்டீஸ் வந்ததும் எல்லாம் உன்னாலதான்னு என்னை நிறுத்திட்டாங்க. ரெண்டு வருசம் வேலை பார்த்ததுக்குச் சர்ட்டிபிகேட்டும் தரல. அது இல்லாம எந்த ஆஸ்பத்திரிலயும் எடுக்க மாட்டேங்கிறாங்க. உங்களுக்கு இப்ப சந்தோசமா?"

பெயர் ஜெனிட்டாவாம். சொந்த ஊர் பஞ்சம்பட்டி, வயது இருபத்து மூன்று. பேசிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே பேசினாள். எனக்கும் கோபம் வந்தது.

"நான் உம் மேலயா கேஸ் போட்டேன்? இந்தா பாரு, ஒரு முறுக்கு பிழிய முடியல என்னால. என் பொழப்பே போச்சு. நான் யார்கிட்டப் போய் அழ?"

அவள் என் கையைப் பார்த்தாள். அச்சைப் பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து அச்சை எடுத்து எண்ணெய்க்கு மேலே பிழிய ஆரம்பித்தாள். சண்டை நிற்கவில்லை. ஒவ்வொரு ஈடுக்கும் ஒரு சண்டை. நான் திருப்பிப் போட்டு எடுத்தேன். நாலாவது ஈட்டில் அவளாகவே சொன்னாள்.

"மேல போட்டது நான்தான்க்கா. தப்புதான். படிச்சதெல்லாம் தெரியும். ஆனா அன்னிக்கு உங்களை எப்படித் துணியை இறக்கச் சொல்றது? சுத்தி அத்தனை ஆம்பளைங்க. ஸ்கிரீன் ஒண்ணு வாங்கித் தாங்கன்னு டாக்டர்கிட்ட எத்தனையோ தடவை கேட்டேன். அரை நிமிச வேலைக்கு எதுக்கு ஸ்கிரீன்னாரு."

"இதைக் கோர்ட்ல வந்து சொல்லுவியா?"

"மாட்டேன்க்கா. சொன்னா இந்த ஜென்மத்துல எனக்கு சர்ட்டிபிகேட் கிடைக்காது."

போகும்போது ஒரு டப்பா முறுக்கு கொடுத்தேன். வேண்டாம் என்றவள் வாசல் வரை போய்த் திரும்பி வந்து வாங்கிக்கொண்டாள். முறுக்கு நன்றாக வந்திருக்கிறது. என் கைப்பக்குவத்தைவிட நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னதை நான் எழுதப்போவதில்லை.

ஜனவரி 22, 2024. திங்கள்

வழக்குத் தாக்கல். மெஹரு, "அந்த நர்ஸையும் எதிர்மனுதாரரா சேர்த்துட்டா நமக்கு பலம்க்கா" என்றாள். முடியாது என்றேன். "அவங்க போட்ட ஊசிதானே?" என்றாள். முடியாது என்றால் முடியாது. காரணம் கேட்டாள். வீட்டில் வந்து முறுக்கு பிழிந்த பெண்ணை எப்படிக் கோர்ட்டுக்கு இழுப்பது என்று சட்டப்படி சொல்லத் தெரியவில்லை. தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 14, வியாழன்

கிளினிக் பதில் மனு போட்டிருக்கிறது. எனக்கு நாற்பத்தேழு வயது ஆகிவிட்டதாம், ஆண்டுக்கணக்கில் ஸ்கூட்டியில் குலுங்கியே என் தோள் தேய்ந்துவிட்டதாம், ஊசிக்கு முன்பே கை தூக்க முடியாமல்தான் இருந்திருப்பேனாம். வயது போட்டதுதான் எனக்கு அதிகக் கோபம்.

"முன்னாடி நல்லா இருந்துச்சுன்னு எப்படிக்கா நிரூபிக்கிறது?" என்று மெஹரு நகத்தைக் கடித்தாள். நல்லாயிருந்த தோளை யார் போட்டோ எடுத்து வைப்பார்கள்?

மார்ச் 17, ஞாயிறு

கோமதி டீச்சரின் மகள் எடுத்து வைத்திருக்கிறாள்! டீச்சர் முதன்முதலாகத் தனியாக ஓட்டியதை அந்தப் பெண் போனில் வீடியோ பிடித்திருக்கிறாள். மூன்றாவது ஊசிக்கு இரண்டு நாள் முன்பு. டீச்சர் ஆடி ஆடிப் போகிறார். பின்னாலேயே, காலில் நாய்க்கடிக் கட்டோடு, நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டு ஓடுகிறேன். "விடாதீங்க டீச்சர், விடாதீங்க" என்று ஒரே கத்தல்.

வீட்டுக்காரர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். "என்னங்க, கேஸுக்குப் போதுமா?" என்றேன். "கேஸுக்குப் போதும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் போட்டார்.

மே 28, செவ்வாய்

எங்கே ஆரம்பிக்க. இன்று சமரசப் பேச்சு. நுகர்வோர் ஆணையத்தின் அலுவலகத்திலேயே ஒரு சின்ன அறை, ஒரு நீள மேஜை, ஓடாத ஏசி. நடுவில் சமரசம் பேசுகிற அம்மா. ஓய்வுபெற்ற நீதிபதி என்றார்கள். ஒரு பக்கம் நானும் மெஹருவும். எதிரே கிளினிக் டாக்டர் கோதண்டமும் அவர் வக்கீலும். வீட்டுக்காரரை உள்ளே விடவில்லை. டிபன் கேரியரைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்.

வீடியோவைப் பார்த்தபிறகு அவர்கள் வயதைப் பற்றியும் குலுங்கலைப் பற்றியும் பேசவில்லை. வைத்தியச் செலவு, தொழில் போன நஷ்டம் எல்லாம் தருகிறோம் என்றார் அந்த வக்கீல். மெஹரு மேஜைக்கு அடியில் என் காலை அழுத்தினாள். பிறகு அவர் ஒரு தாளை நகர்த்தினார்.

"ஒரே ஒரு வரிதான்மா. இது அந்த நர்ஸோட தனிப்பட்ட கவனக்குறைவு, கிளினிக்குக்குச் சம்பந்தம் இல்லைன்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்து போட்டா இன்னிக்கே முடிஞ்சிரும்."

மெஹரு என்னைப் பார்த்தாள். பத்து மாதமாகக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிற போர்டு நினைவுக்கு வந்தது. பேனாவைக் கையில்கூட எடுத்துவிட்டேன்.

"போட மாட்டேன் சார்."

"ஏம்மா? போட்டது அந்தப் பொண்ணுதானே?"

"அந்தப் பொண்ணுதான். ஆனா வராண்டாவுல, அத்தனை பேருக்கு நடுவுல போடச் சொன்னது யாரு?"

அப்போது கதவு தட்டப்பட்டது. ஜெனிட்டா. வர மாட்டேன் என்று சொன்னவள். பின்னால் டிபன் கேரியரோடு என் வீட்டுக்காரர், எனக்கு ஒன்றும் தெரியாது என்கிற முகத்தோடு. இந்த மனிதர் பஞ்சம்பட்டி வரை பஸ் பிடித்துப் போய் அவளிடம் பேசிவிட்டு வந்த விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நீதிபதியம்மா உள்ளே வரச் சொன்னார். ஜெனிட்டா உட்காராமலே பேசினாள்.

"மேல தள்ளிப் போட்டது நான்தான்மா. அதை இல்லேன்னு சொல்ல வரல. ஆனா டாக்டர் சார், ஸ்கிரீன் வேணும்னு உங்ககிட்ட நான் கேட்டேனா இல்லையா? அன்னிக்கு காலைலகூட கேட்டேன். நீங்க சிரிச்சீங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். திரும்பக் கழற்றினார்.

"கேட்டா" என்றார். அவருடைய வக்கீல் அவர் கையைப் பிடித்தார். டாக்டர் கையை விடுவித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "கை இப்ப எவ்வளவு தூரம் போகுதும்மா? காட்டுங்க."

காட்டினேன். எழுந்து வந்து, என்னைக் கேட்டுக்கொண்டு, முழங்கையைப் பிடித்து மெல்ல உயர்த்திப் பார்த்தார். வலிக்கிற இடத்தில் நிறுத்தினார். ஒரு வருடமாக அவர் என் தோளைப் பார்த்ததே இல்லை, பேப்பரைத்தான் பார்த்திருக்கிறார்.

"ரொம்ப அவஸ்தைப்பட்டிருக்கீங்க" என்றார். அதற்குப் பிறகு எல்லாம் சீக்கிரம் முடிந்தது. அந்த ஒரு வரி அடிக்கப்பட்டது. நான் சொல்லி இரண்டு வரி சேர்ந்தது: ஊசி போடுகிற இடத்தில் மறைப்பு, ஜெனிட்டாவுக்கு அனுபவச் சான்றிதழ்.

வெளியே வந்ததும் மெஹரு, "இன்னும் இழுத்திருந்தா கூடக் கிடைச்சிருக்கும்க்கா" என்று முனகினாள். டிபன் கேரியரில் நாலு பேருக்கு லெமன் சாதம் இருந்தது. நாலு பேர் சாப்பிடுவோம் என்று அவருக்குக் காலையிலேயே தெரிந்திருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

பணம் வந்துவிட்டது. எலும்பு டாக்டர் வண்டி ஓட்டலாம் என்கிறார்.

போர்டைத் துடைத்து மாட்டினேன்.

ஜூலை 16, செவ்வாய்

ஜெனிட்டாவுக்கு மதுரை ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு பஸ் இல்லை. வண்டி பழகிக்கொள் என்றேன். பீஸ் எவ்வளவு என்றாள். முதுகில் ஒன்று வைத்தேன், இடது கையால்.

நான் பின்சீட்டில் ஏறுவதில்லை. பக்கத்தில் நடந்துகொண்டே சொல்லிக்கொடுக்கிறேன். "டாக்டர்தான் ஓட்டலாம்னு சொல்லிட்டாரே, நீங்க எப்பக்கா ஓட்டப் போறீங்க?" என்றாள். ஆடி பிறக்கிறது, ஆடி முடியட்டும் என்றேன்.

வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஆடி மாதத்தில்தான் புது வண்டியே வாங்கியவள் என்பது அவருக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்று ஜெனிட்டா முதன்முதலாகத் தனியாக ஓட்டினாள். ஹெல்மெட்டை நானே மாட்டிவிட்டேன். பைபாஸ் ஓரத்து சர்வீஸ் ரோடு, ஞாயிற்றுக்கிழமை, ஈ காக்கை இல்லை. வீட்டுக்காரர் பிளாஸ்க்கில் டீயோடு நின்றார். மெஹருவும் தன் ஸ்கூட்டியில் வந்திருந்தாள், வேடிக்கை பார்க்க.

அருமையாகப் போனாள். ஆட்டம் இல்லை, தடுமாற்றம் இல்லை. அந்த வேப்பமரம் வரை போய் நிறுத்து என்று சொல்லியிருந்தேன். வேப்பமரம் தாண்டியும் போனாள். சின்னப் புள்ளியானாள். பிறகு புள்ளியையும் காணோம்.

டீ ஆறியது. யாரும் குடிக்கவில்லை. மெஹரு, "இப்படித்தான்க்கா நானும் ஒரு தடவை..." என்று ஆரம்பித்தாள். வாயை மூடச் சொன்னேன். கடைசியில் போன் வந்தது.

"அக்கா, நான் சின்னாளபட்டி பக்கத்துல பெட்ரோல் பங்க்ல நிக்கிறேன்."

"அடிப்பாவி, அங்கிட்டு எதுக்குடி போன?"

"நேராப் போகத்தானே சொல்லிக்கொடுத்தீங்க. திரும்பறது நாளைக்குன்னீங்க. மரத்துகிட்ட நிறுத்தினா திரும்ப ஸ்டார்ட் பண்ண வருமோ வராதோன்னு பயந்துட்டேன்."

"அங்கேயே நில்லு. ஒரு அடி நகராதே!"

மெஹருவின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினேன். அவர் பின்னால் ஏறினார், பிளாஸ்க்கோடு. போய்ச் சேரும் வரை என் மனதில் ஒரே ஒரு காட்சிதான், லாரிக்கு நடுவில் அந்தப் பெண். வேறு எதுவும் நினைப்பில் இல்லை.

பங்க்கில் காற்றடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள். சிரிக்கவா அழவா என்று தெரியாத முகம். எங்களைப் பார்த்ததும் வாய் திறந்தபடியே நின்றது.

"அக்கா, நீங்களா ஓட்டிட்டு வந்தீங்க?"

நான் குனிந்து பார்த்தேன். என் வலது கை ஆக்சிலேட்டர் மேல்தான் இருந்தது.

"வர்ற வழியெல்லாம் நானும் இதைத்தான் பார்த்துட்டு வந்தேன்" என்றார் வீட்டுக்காரர், பிளாஸ்க்கைத் திறந்தபடி. "சொன்னா நிறுத்திருவாளோன்னு மூச்சு விடல."

ஆறிப்போன டீயை மூன்று பேரும் மூடியில் ஊற்றி மாற்றி மாற்றிக் குடித்தோம். அப்புறம் பங்க்கின் பின்பக்கத்துக் காலி இடத்தில் அவளைச் சுற்றவிட்டேன். பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். வலது பக்கம் திரும்புவது, இடது பக்கம் திரும்புவது, முழுசாகத் திரும்புவது. பெட்ரோல் போட வந்த ஒரு பெரியவர், "பங்க்குக்குள்ள என்னம்மா சர்க்கஸ்?" என்று கேட்டார். ஜெனிட்டா திரும்பிப் பார்க்காமலே, "கிளாஸ் நடக்குது தாத்தா, குறுக்க வராதீங்க" என்றாள்.

திரும்பி வரும்போது அவளை முன்னால் போகச் சொன்னேன். திண்டுக்கல் வரை நான் முந்தவில்லை.

மெஹரு அந்த வேப்பமரம் வரை நடந்து வந்து, அதன் அடியில் உட்கார்ந்திருந்தாள். நாளையிலிருந்து அவளும் கிளாசுக்கு வருகிறாள். வலது பக்கம் திரும்பக் கற்றுக்கொண்டுதான் மறுவேலையாம்.